இடது மரை

படகு கெல்வினுக்கு, கார் எனக்கு என்று
கிரேமவுத் வக்கீல் பிரித்துக் கொடுத்தபோது
முன்சக்கரங்களின் நிலைமையைப் பற்றி
எந்தக் காகிதத்திலும் ஒரு வரி இல்லை.

ஐம்பத்தேழாம் வருடத்து மோரிஸ் மைனர்.
ஹோக்கிடிகா பெட்ரோல் பங்கில்
நடக்கிற வேகத்தில்தான் திருப்பினேன்.
முன்காலை மடக்கிப் படுக்கிற பசு மாதிரி
இடது பக்கம் அப்படியே உட்கார்ந்துவிட்டது.
சுற்றுலாப் பேருந்திலிருந்து இறங்கியவர்கள்
படம் எடுத்தார்கள்.
ஒருவர் என்னையும் சேர்த்து.

நைரீ வந்தாள், கெல்வினின் அக்கா.
அவள் யார் பக்கம் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.
கையில் இரண்டு சுத்தியல்,
காலில் மீன் ஆலையின் வெள்ளை பூட்ஸ்.
"கிரீஸ் அடிச்சியா?"
"அவன் அடிப்பான்னு இருந்தேன்."
"அவனா" என்றாள். அதோடு சரி.

தகரக் கொட்டகை. மேற்குக் கரையின் மழை
மூன்று நாளாக ஒரே சுருதியில்.
ஜாக்கியில் ஏற்றி, முட்டுக் கொடுத்து, சக்கரத்தைக் கழற்றினோம்.
ஸ்டியரிங் கம்பியின் பந்து மூட்டு
நட்டை எடுத்த பிறகும் பிடியை விடவில்லை.
இரண்டு புறமும் ஒரே சமயத்தில் அடிக்க வேண்டும்,
அவள் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம்.
முதலில் என் அடி முந்தியது,
பிறகு அவளுடையது.
ஏழாவது அடி
இரண்டு சுத்தியலுக்கும் ஒரே சத்தமாக விழுந்தது.
மூட்டு சும்மா கீழே இறங்கித் தொங்கிற்று,
இத்தனை நேரம் அதற்குத்தான் காத்திருந்ததுபோல.

கீழ் டிரனியனைத் துடைத்துப் பார்த்தேன்.
மரை வரிகள் இருக்க வேண்டிய இடத்தில்
வழுவழுவென்று வெறும் இரும்பு.
மிச்சமிருந்த ஒன்றரைச் சுற்றைப் பற்றிக்கொண்டுதான்
போன மாதம் ஆர்தர்ஸ் பாஸ் ஏறி இறங்கியிருக்கிறேன்,
வானொலியைச் சத்தமாக வைத்துக்கொண்டு.

இடப்பக்கத்துக்கு இடது மரை.
உலகமே இறுக்குகிற திசையில் சுற்றினால்தான்
இது கழலும்.
தெரியாமல் அரைமணி நேரம்
பழைய கட்டையைக் கழற்றுவதாக நினைத்து
இறுக்கிக்கொண்டிருந்தேன்.
நைரீ பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.
"சொல்லியிருக்கலாமே?"
"கல்யாணத்தப்பவே சொல்லியிருக்கலாம்" என்றாள்.

புதுக் கட்டை, புது ஊசி, புது ரப்பர்
எல்லாம் நெல்சனிலிருந்து பிஸ்கட் டின்னில் வந்திருந்தன.
பளபளக்கிற ஸ்ப்ளிட் பின் ஒன்றை
கந்தல் துணிமேல் வைத்தேன்.
பறக்கத் தெரியாத வேக்கா ஒன்று
புதரிலிருந்து இடமிருந்து வலம் போனது.
மேலே விழுந்து பிடுங்கவில்லைதான்.
பின்னைப் பிடுங்கிக்கொண்டு போனது.
வெள்ளை பூட்ஸோடு மழையில் ஓடிய நைரீ
வெறுங்கையோடு திரும்பி
உட்கார்ந்து சிரித்தாள்.
கெல்வினின் சிரிப்பு அவள் வாயில் இருந்தது.
எனக்குக் கொஞ்சம் பொறுத்துத்தான் சிரிப்பு வந்தது.

ரப்பர் புஷ்களை
கார் அந்தரத்தில் தொங்கும்போது முழுக்க இறுக்கக் கூடாதாம்.
சக்கரம் தரையில் நிற்க வேண்டும்,
பாரம் இறங்கித் தன் இடத்தில் உட்கார வேண்டும்,
கடைசி இறுக்கு அப்புறம்தான்.
"நீயும் ஏறி உட்கார், உன் எடையும் கணக்குதான்"
என்று அடியில் படுத்தாள்.
ஸ்பேனர் கிறீச்சிடுவதை
பாதங்களின் வழியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மழை விட்டதும் ஓட்டிப் பார்த்தோம்.
நூல் பிடித்தாற்போல் ஓடுகிறது கார்.
நான்தான் வலது பக்கம் போகிறேன்.
ஆறு வருடம் இடதுக்கு இழுத்த வண்டியை
வலதுக்கு இழுத்தே பழகிய கை
கோட்டைத் தாண்ட,
எதிரே வந்த பால் லாரி
தன் ஆயுள் கோபத்தையெல்லாம் ஹாரனில் வைத்துவிட்டுப் போனது.

"காரு நேராத்தான் போகுது" என்றாள் நைரீ,
கதவுப் பிடியை விடாமல்.

ஒரு விரல், பிறகு இன்னொன்று என்று
பிடியைத் தளர்த்தினேன். ஆற்றுப் பாலம் வந்தது.
வேகத்தைக் குறைத்தபோது
வலப்பக்கச் சக்கரத்திலிருந்து மெதுவாக
டொக் என்று ஒரு சத்தம்.
இரண்டு பேருக்கும் கேட்டது.
யாரும் எதுவும் சொல்லவில்லை.

சுத்தியல்கள் இரண்டும்
பின் இருக்கையில்தான் கிடந்தன.